கடலும் அரிவாளும் இல்லாத பள்ளிக்கூடம்

தமிழ்த் திரைப்பட இயக்குநர்களுக்கும் கதை, வசனம் எழுதுபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மதுரை மாவட்டத்தில் அரசு உதவி பெறும் ஒரு கிறிஸ்தவப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். படித்ததும் அதே போன்றதொரு பள்ளியில்தான்; விடுதியில் தங்கிப் படித்தேன். உங்கள் படங்களில் எங்கள் பள்ளிகளும் அங்கே படிக்கும் பதின்பருவப் பிள்ளைகளும் வரும் விதத்தைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். நெடுநாளாக மனத்தில் கிடக்கும் வருத்தம் இது.

அண்மையில் ஒரு படக்குழு, இந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் கட்டடத்தைக் கோடை விடுமுறையில் படப்பிடிப்புக்கு வாடகைக்குக் கேட்டது. கதையைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வோம் என்றது நிர்வாகம். பள்ளிக் காட்சிகள் உள்ள பக்கங்களைக் கொடுத்தார்கள். படித்துப் பார்த்துச் சொல்லும்படி அவை என் கைக்கு வந்தன. முழங்காலுக்கு மேல் பாவாடை அணிந்த மாணவிகள்; வண்ணக் கண்ணாடிச் சன்னல் வழியே சாய்ந்து விழும் வெளிச்சம்; பிரம்போடு நடைபாதையில் நடக்கும் கன்னியாஸ்திரீ; சுவரேறிக் குதிக்கும் பையன்; பின்னணியில் வயலின். கதாநாயகியின் அப்பா மாலையானால் குடிப்பவர். அம்மா கவுன் அணிந்தவர். வீட்டில் எல்லாரும் பாதி ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். எழுதியவர் இளைஞர், கையில் நல்ல தமிழ் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கங்களில் ஒரு வரிகூட அவர் நேரில் கண்டு எழுதியதாகத் தெரியவில்லை. பிறர் எடுத்த படங்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். அவர்களும் அப்படித்தான், தங்களுக்கு முன்னால் வந்த படங்களைப் பார்த்து எடுத்திருக்கிறார்கள்.

இது எங்கிருந்து தொடங்கியது என்று யோசித்துப் பார்த்தேன். தமிழ்த் திரையில் கிறிஸ்தவப் பெண்ணின் இளவயதைப் பெரிய அளவில் பேசிய படம் 1981இல் வந்த ‘அலைகள் ஓய்வதில்லை’. கடற்கரை ஊர், கிறிஸ்தவப் பெண், பிராமணப் பையன். முடிவில் அவன் பூணூலை அறுக்க, அவள் சிலுவையைக் கழற்றுகிறாள். 1986இல் ‘கடலோரக் கவிதைகள்’ வந்தது. அதில் கிறிஸ்தவ ஆசிரியை வந்தார், அங்கும் கடல். இரண்டையும் இயக்கிய பாரதிராஜா எங்கள் பக்கத்துத் தேனி அல்லிநகரத்துக்காரர். அவர் கிறிஸ்தவப் பெண்ணைக் காட்ட நினைத்தபோது கேமராவைத் தூக்கிக்கொண்டு குமரிக் கடற்கரைக்குப் போனார். 2013இல் மணிரத்னம் ஒரு பாதிரியாரின் கதையைச் சொல்லப் புறப்பட்டபோதும் மீனவர் ஊருக்குத்தான் போனார். படத்தின் பெயரே ‘கடல்’. இவற்றைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் கரைகளில் கிறிஸ்தவர்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கும் கதைகள் உண்டு. ஆனால் கிறிஸ்தவர் என்றால் அலைச் சத்தம், கோபுரம், கட்டுமரம் என்ற வழக்கம் திரையில் ஊறிப்போய்விட்டது.

மதுரைக்கோ வேறொரு வழக்கம். மதுரை என்றால் அரிவாள், வாடிவாசல், வேட்டியை மடித்துக் கட்டிய அண்ணன்மார், திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே ஒரு கொலை. கடலோரத்துக் கிறிஸ்தவர் ஒருபுறம், அரிவாள் மதுரை மறுபுறம் என்று நீங்கள் பிரித்து வைத்துவிட்டதால், வைகைக் கரையில் வாழும் கிறிஸ்தவப் பிள்ளைக்கு எந்தப் படத்திலும் இடமில்லாமல் போய்விட்டது. உசிலம்பட்டி பஸ்ஸில் இறங்கி, செக்கானூரணி பஸ்ஸில் இறங்கி, சோழவந்தான் ரயிலில் இறங்கி, எங்கள் பள்ளி வாசலுக்கு வரும் மற்றப் பிள்ளைகளுக்கும் இல்லை.

இந்த ஊரின் கிறிஸ்தவ வரலாறு நேற்று வந்து ஒட்டிக்கொண்டது அன்று. இத்தாலியிலிருந்து வந்த பாதிரியார் ராபர்ட் தெ நோபிலி மதுரையில் கால் வைத்தது 1606இல். காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தமிழ் கற்று, தமிழிலேயே எழுதியவர் அவர். அமெரிக்க மிஷன் இங்கே வேலையைத் தொடங்கியது 1834இல். ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். 1881இல் அமெரிக்கன் கல்லூரி, 1948இல் பெண்களுக்கு லேடி டோக் கல்லூரி. பட்டிமன்ற மேடையால் உலகத் தமிழர் அறிந்த சாலமன் பாப்பையா, அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். மதுரையில் கிறிஸ்தவப் பள்ளி என்பதன் உண்மையான குரல் எப்படி இருக்கும் என்று அறிய விரும்பினால் அவர் பேசுவதைக் கேளுங்கள். அதில் எங்கே கவுன் இருக்கிறது, எங்கே பாதி ஆங்கிலம் இருக்கிறது?

உங்களில் பலர் வெளிநாட்டுப் படங்களை ஊன்றிப் பார்ப்பவர்கள். அமெரிக்காவில் கிறிஸ்தவ உயர்நிலைப் பள்ளிகளில் நடப்பதாக வந்த படங்களில் இரண்டைச் சொல்கிறேன். 2004இல் வந்த ‘சேவ்ட்!’, பக்தியை ஆயுதமாக்கி ஒருத்தியை ஒதுக்கும் மாணவிகளைக் கேலியும் கோபமுமாகக் காட்டியது. தோழியைத் திருத்த வந்தவள் கோபத்தில் விவிலியத்தைத் தூக்கி அவள்மேல் வீசும் காட்சி அதில் உண்டு. 2017இல் கிரெட்டா கெர்விக் எடுத்த ‘லேடி பேர்ட்’, சாக்ரமெண்டோ நகரத்துக் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியைக் காட்டியது. அதில் மாணவிகள் ஒரு சிஸ்டரின் காரில், இப்போதுதான் இயேசுவோடு திருமணமானது என்று எழுதித் தொங்கவிடுகிறார்கள். அந்த மூத்த சிஸ்டர் அதை ரசித்துச் சிரிக்கிறார். ஒரு கன்னியாஸ்திரீக்குச் சிரிக்கத் தெரியும் என்று காட்டிய அந்த ஒரு காட்சிக்காகவே எனக்கு அந்தப் படத்தின்மேல் மரியாதை. ஒன்று கடுமையானது, மற்றொன்று கனிவானது. ஆனால் இரண்டையும் எடுத்தவர்கள் அப்படிப்பட்ட பள்ளிகளின் பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அவர்கள் கேலி செய்தால் அதற்கு உரிமை இருக்கிறது. அன்பு காட்டினால் அதற்கும் ஆதாரம் இருக்கிறது.

அந்தப் பள்ளிகளை அப்படியே பெயர்த்து இங்கே நட முடியாது. அவை கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகள். இங்கே பழைய கிறிஸ்தவப் பள்ளிகளில் பல, அரசு உதவி பெறுபவை. எங்களுக்குச் சம்பளம் அரசு தந்தது. பிள்ளைகள் தமிழ்வழியில் படிக்கிறார்கள், மதியம் சத்துணவு சாப்பிடுகிறார்கள், பதினொன்றாம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி வாங்குகிறார்கள். தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 6 சதவீதம். அப்படியிருக்க எங்கள் வகுப்பறைகளில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். என் வகுப்புகளில் எப்போதும் கிறிஸ்தவப் பிள்ளைகள் சிறுபான்மைதான். காலை இறைவணக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, ஒரு குறள், செய்தி வாசிப்பு, பிறகு செபம். கிறிஸ்தவப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகும் நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. ‘அருள் நிறைந்த மரியே வாழ்க’ என்பதை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த இந்துப் பெண்கள், இஸ்லாமியப் பெண்கள் இந்த மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் இன்று பாட்டிமார்களாக இருக்கிறார்கள்! அவர்கள் மதம் மாறவில்லை. பயம் வந்தால் அந்த வரி வாயில் வருகிறது, அவ்வளவுதான்.

பொதுத்தேர்வுக் காலையை ஒரு முறை வந்து பாருங்கள். தேர்வு மையத்துக்குக் கிளம்பும் முன் பிள்ளைகள் மாதா கெபிக்கு, அதாவது குகை போலக் கட்டி மாதா சிலை வைத்த இடத்துக்கு, முன்னால் வரிசையாக நிற்பார்கள். நுழைவுச்சீட்டை மாதாவின் காலடியில் வைத்து எடுப்பார்கள். வைப்பவளின் நெற்றியில் பாண்டி முனீஸ்வரர் கோயில் திருநீறு இருக்கும். புதுப் பேனாவைக் கெபியின் கல்லில் தேய்த்து வாங்கிக்கொள்வாள் ஒருத்தி. பேனா கீறிவிடப் போகிறதே என்று பக்கத்தில் நிற்பவள் கடிந்துகொள்வாள். கெபியின் இரும்புக் கம்பியில் ஒருத்தி மஞ்சள் கயிறு கட்டிவிட்டுப் போயிருப்பாள். தோட்டக்கார அண்ணன் அதை அவிழ்க்கப் போனபோது எங்கள் தலைமையாசிரியை சிஸ்டர், “தேர்வு முடியட்டும், இருக்கட்டும்” என்று தடுத்தது எனக்கு நினைவிருக்கிறது. இந்தக் காட்சியை எடுக்க வண்ணக் கண்ணாடி தேவையில்லை. காலை எட்டு மணி வெயில் போதும்.

சிஸ்டர்களைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். திரையில் அவர்களுக்கு இரண்டே வேலை: ஒன்று பிரம்பால் அடிப்பது, மற்றொன்று கண்ணை மூடிச் செபித்துக் கண்ணீர் விடுவது. நான் பார்த்த சிஸ்டர்கள் சிவகங்கை, இராமநாதபுரம், திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் பிறந்த விவசாயிகளின் மகள்கள். ஊரில் அண்ணன் தம்பிகளும் நிலத் தகராறும் அவர்களுக்கும் உண்டு. காலையில் கணக்குப் பாடம், மாலையில் விடுதிக் கணக்கு, இரவில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓட்டம். பிடிவாதக்காரர்கள் உண்டு; சிடுமூஞ்சிகள் உண்டு; பாடத்தில் கெட்டிக்காரர்கள் உண்டு. மனிதர்கள்.

அவர்களில் ஒருவரை மட்டும் கொஞ்சம் அருகில் காட்டுகிறேன். பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணின் அப்பா, ஒரு மே மாத வெயிலில் அலுவலகத்துக்கு வந்து மாற்றுச் சான்றிதழ் கேட்டார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்று என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவளே தோழியிடம் சொல்லியிருந்தாள். சிஸ்டர் அவரை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, “ஐயா, சான்றிதழ்ப் புத்தகம் தீர்ந்துபோய்விட்டது. அச்சாகி வரப் பத்து நாளாகும்” என்றார். புத்தகம் அவருடைய மேசை இழுப்பறையில் இருந்தது. நான் அங்கேயே மதிப்பெண் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். “சிஸ்டரம்மா, ரொம்பத் தொலைவிலிருந்து வருகிறேன்” என்றார் அவர். “நானே வந்து தருகிறேன், நீங்கள் அலைய வேண்டாம்” என்றார் இவர். அவர் போனதும் முதலில் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குத் தொலைபேசியில் பேசினார். அடுத்து அந்தப் பெண்ணின் பெரியம்மாவுக்கு. மூன்றாம் நாள் தானே பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனார். அந்த வீட்டுத் திண்ணையில் என்ன பேசினார் என்பது எங்களுக்குத் தெரியாது. ஜூன் மாதம் அந்தப் பெண் பதினொன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தாள். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ஆனால் அது எங்கள் பள்ளிக்குள் வந்தது, கூசாமல் பொய் சொன்ன அந்தத் துறவியின் வாய் வழியாகத்தான். எத்தனையோ முறை வேறு பெண்களின் வீட்டில் அவர் தோற்றும் இருக்கிறார். அந்தத் தோல்விகளும் கதைகள்தான்.

பதின்பருவம் என்றால் காதல்தானே, அதை விட்டுவிட்டு எதைக் காட்டுவது என்று கேட்பீர்கள். காதலைக் காட்ட வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. எங்கள் பிள்ளைகளும் காதலிக்கிறார்கள். மதுரைப் பள்ளி மாணவி ஒருத்தியின் காதலைப் பொய்யில்லாமல் சொல்ல முடியும் என்று 2004இல் வந்த ‘காதல்’ படத்தில் பாலாஜி சக்திவேல் காட்டினார். அந்தப் பெண் இந்த ஊர்ப் பெண்ணாகவே இருந்தாள். அவளுக்கு நேர்ந்ததும் இந்த ஊரில் நேர்வதுதான். எனக்கு மனக்குறை வேறு. அந்த வயதுப் பெண்ணுக்குக் காதலைத் தவிர வேறு எதுவுமே மனத்தில் ஓடாது என்று நீங்கள் நினைத்துக்கொள்கிறீர்கள்.

விடுதியை எடுத்துக்கொள்ளுங்கள். டிரங்குப் பெட்டி, அதில் பூட்டு, பூட்டின் சாவி கழுத்துக் கயிற்றில். ஊறுகாய்ப் பாட்டில் யாருடையது என்பதில் சண்டை. இருக்கும் ஒரே சீருடையை இரவில் துவைத்து மின்விசிறிக்குக் கீழே விரித்துவிட்டு, மின்சாரம் போய்விடக் கூடாதே என்று விழித்துக் கிடப்பவள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வரும் நாள். வேப்பமரத்தடியில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து தூக்குவாளியைத் திறப்பார்கள். கறிக்குழம்பு மணம் மைதானம் முழுக்கப் பரவும். பதினாறு வயது மகளுக்கு அம்மா உருட்டி ஊட்டுவாள். மகள் வெட்கப்பட்டுக்கொண்டே வாயைத் திறப்பாள். யாரும் வராத பிள்ளைகள் அந்த நேரத்தில் மாடியில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருப்பார்கள், அல்லது வைத்துக்கொள்வது போல் இருப்பார்கள். திருப்பூரிலோ கேரளத்திலோ வேலைக்குப் போன பெற்றோர் அவர்களுடையவர்கள். எந்தப் படத்தின் பள்ளியிலும் இந்த ஞாயிற்றுக்கிழமையை நான் பார்த்ததில்லை.

நான் படித்த காலத்தில் வீட்டிலிருந்து வரும் கடிதங்களை வார்டன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். உறை நீளவாட்டில் கிழிக்கப்பட்டிருக்கும். என் அம்மாவுக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டு அண்ணன் எழுதிக் கொடுப்பார். ஆக என் அம்மா எனக்குச் சொன்னதை அந்த அண்ணனும் வார்டனும் படித்த பிறகுதான் நான் படித்தேன். வீட்டில் பண நெருக்கடி, அப்பாவின் நோய், எல்லாம் அப்படித்தான் வந்து சேர்ந்தன. அதைப் பாதுகாப்பு என்று நினைத்தார்கள். எனக்கு அது அவமானமாக இருந்தது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். எங்களைப் புகழ்ந்து படம் எடுங்கள் என்று நான் கேட்கவில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். குறைகளைக் காட்டுங்கள். உண்மையான குறைகளைக் காட்டுங்கள். கட்டணம் கட்டாதவளை இறைவணக்கத்தில் எழுப்பி நிறுத்திய பள்ளிகள் உண்டு. பையனிடம் பேசியவளின் ஒழுக்கத்தைப் பெற்றோர் முன்னால் அலசியவர்கள் உண்டு. பிள்ளைக்கு ஒரு பெரியவரால் தீங்கு நேர்ந்தபோது, பள்ளியின் பெயரும் பங்குக் கோயிலின் பெயரும் கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்ட இடங்கள் உண்டு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம், தெரிந்தவர் புகார் செய்தே தீர வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்துக்கும் அந்த மௌனத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஓர் இளம் ஆசிரியையைப் பற்றி யாராவது படம் எடுத்தால், முதல் டிக்கெட் நான் வாங்குவேன். பிரம்பு வைத்த சிஸ்டரைக் காட்டுவதால் இதில் எதுவும் வெளியே வராது. அந்தப் பிரம்பு எல்லாருக்கும் சௌகரியமான பொய்.

இதையெல்லாம்விட உங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது சாதியை.

உங்கள் படங்களில் கிறிஸ்தவர்களுக்குச் சாதி கிடையாது. கிறிஸ்தவர் என்பதே ஒரு சாதி போல இருக்கும். கிறிஸ்தவப் பெண்ணுக்குக் காதலில் வரும் ஒரே தடை மதம். நிஜத்தில் இங்கே சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் இரண்டு. திருவிழாத் தேர்பவனி சில தெருக்களுக்கு வராது. அந்தத் தெருக்களிலிருந்துதான் எங்கள் பள்ளிக்கு எத்தனையோ பிள்ளைகள் வருகிறார்கள்.

1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, கிறிஸ்தவராக மாறிய பட்டியல் சாதியினர் பட்டியல் சாதியாகக் கணக்கிடப்படுவதில்லை. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள்; கிறிஸ்தவர்களையும் இஸ்லாமியர்களையும் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் அப்படிக் கிறிஸ்தவராக மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள், மாறி எத்தனை தலைமுறை ஆகியிருந்தாலும். ஊரில் அவர்களை யாரும் அப்படி நடத்துவதில்லை. டீக்கடையில் அவர்கள் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். சான்றிதழில் மட்டும் வேறு. இந்தச் சட்டம் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் வாழ்க்கையில் எங்கே வந்து நிற்கும் என்று நினைக்கிறீர்கள்? பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலில்.

பொதுத்தேர்வுக்கு முன்னால் வகுப்பாசிரியை ஒவ்வொரு பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, மதம், சாதி எல்லாவற்றையும் சரிபார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அதில் எழுதுவதுதான் சான்றிதழ்களில் வரும். வாழ்நாள் முழுக்கப் பின்தொடரும். என் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பங்குக் கோயிலில் பாடகர் குழுவில் முதல் குரல் அவளுடையது. ஞானஸ்நானத்தின்போது வைத்த திருமுழுக்குப் பெயர் ஒன்று. பள்ளிப் பதிவேட்டில் குலதெய்வத்தின் பெயர். வீட்டில் கூடிப் பேசி, இந்து என்றே இருக்கட்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். படிப்பும் வேலையும் அதில்தான் இருக்கிறது என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். அவள் பட்டியலில் தன் பெயருக்கு நேரே பென்சிலால் திருமுழுக்குப் பெயரைச் சின்னதாக எழுதினாள். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் ரப்பரைக் கேட்டு வாங்கி அழித்துவிட்டு, பேனாவால் மற்றப் பெயரில் கையெழுத்துப் போட்டாள். “டீச்சர், ஃபாதரிடம் சொல்ல வேண்டாம்” என்றாள். ஃபாதருக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை.

இதற்குப் பிறகு வரப்போகும் காட்சிகளை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கழுத்திலிருந்த செபமாலை சட்டைப்பைக்குப் போகிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒருவர், வீட்டுச் சுவரில் என்ன படம் மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்கிறார். அதே வகுப்பில், பட்டியலில் கிறிஸ்தவர் என்றே எழுதிக்கொண்ட தோழி ஒருத்தி, சம மதிப்பெண் வாங்கியும் கல்லூரியில் இடமில்லாமல் நிற்கிறாள். இருவருக்கும் இடையில் பழைய நட்பு மிஞ்சுமா? பதின்பருவத்துக் கதை என்றால் இதைவிடப் பெரியது எது? விசுவாசம், குற்ற உணர்வு, நட்பு, அப்பாவின் கனவு, அரசாங்கம் எல்லாம் ஒரு பென்சில் எழுத்தில் இருக்கிறது. நீங்கள் சுவரேறிக் குதிக்கும் பையனையே இன்னும் படம் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆதிக்கச் சாதிப் பிள்ளைகளின் கதையும் இருக்கிறது. மணிக்கட்டில் சாதிக்கொரு நிறமாக வண்ணக் கயிறு கட்டிக்கொண்டு வரும் வழக்கம் மிஷன் பள்ளிகளின் வாசலோடு நின்றுவிடவில்லை. நாங்குநேரியில் 2023இல் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்கள் சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டிய பிறகு, பள்ளிகளில் சாதிப் பிரிவினையைப் பற்றி ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை அரசு நியமித்தது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கை, அந்தக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டும் என்றது. அறிக்கை வருவதற்கு வெகு முன்பே எங்கள் வகுப்பறைகளில் அந்தக் கயிற்றை அவிழ்க்கச் சொன்ன ஆசிரியர்கள் இருந்தார்கள். பார்த்தும் பாராமல் போனவர்களும் இருந்தார்கள். மாதாவின் முன்னால் ஒரே செபத்தைச் சொல்லிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் கயிற்றின் நிறம் பார்த்து வட்டமாக உட்காரும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கிறிஸ்தவப் பள்ளியை எல்லாரும் ஒன்றாக வாழும் தூய வெள்ளைக் கட்டடமாகக் காட்டும்போது, அந்த மதிய வேளையை நீங்கள் மறைத்துவிடுகிறீர்கள்.

சில சிறிய விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்களின் பெயர்கள் ஆரோக்கியமேரி, செல்வராணி, அருள்ஜோதி, ஞானசௌந்தரி என்று இருக்கும். பொட்டு வைப்பவர்கள் உண்டு, வைக்காதவர்கள் உண்டு. சபைக்குச் சபை வேறுபடும். கத்தோலிக்கரையும் தென்னிந்தியத் திருச்சபையாரையும் பெந்தெகொஸ்தே சபையாரையும் ஒரே கோயிலுக்குள் அடைக்காதீர்கள். கத்தோலிக்கரின் மாதா சிலைக்கு முன்னால் வேறு சபையின் பாஸ்டர் ஒருவர் நின்று பிரசங்கம் செய்யும் காட்சியைப் பார்க்கும்போது எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. கிறிஸ்தவ வழிபாடு என்றதும் மேற்கத்திய இசைதான் உங்களுக்கு நினைவுக்கு வருகிறது; தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் காலத்திலிருந்து கீர்த்தனை பாடும் மரபு எங்களுக்கு இருக்கிறது. பள்ளி ஆண்டு விழாவில் மிருதங்கமும் கஞ்சிராவும் இருக்கும். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குத் தை மாதத்தில் பங்குக் கோயில் பொங்கல் உண்டு, சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கத் தோழி வீட்டு மொட்டை மாடியும் உண்டு. தோல் நிறத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? வெயிலில் சைக்கிள் மிதித்து வரும் பிள்ளைகள் அவர்கள். கிறிஸ்தவப் பெண் என்றதும் வடநாட்டிலிருந்து நடிகையை வரவழைக்கும் பழக்கத்தை விடுங்கள்.

இனி உங்களிடம் நான் கேட்பது. மே மாதத்தில் ஆளில்லாத கட்டடத்தை வாடகைக்குக் கேட்டு வராதீர்கள். அப்போது கிடைப்பது தூணும் வராந்தாவும் மட்டும். ஜூன் முதல் வாரம் வாருங்கள். ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்காகக் கைரேகை வைக்கும் அம்மாக்கள் நிற்பார்கள். பெயர்ப்பட்டியல் சரிபார்க்கும் நாட்களில் வாருங்கள். பெற்றோர் வரும் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். கேமரா வேண்டாம்; ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பிள்ளைகளின் முகமும் பெயரும் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. எந்த நிர்வாகமும் முதலில் தயங்கும். உங்கள் பழைய படங்களைப் பார்த்திருப்பார்கள் அல்லவா? முன்பு படித்த மாணவிகளைத் தேடுங்கள். மதுரையில் எந்த மருத்துவமனையிலும் செவிலியர் அறையில் இரண்டு பேர் கிடைப்பார்கள். காவல் நிலையங்களில் கிடைப்பார்கள். பேருந்து நடத்துநர் இருக்கையில்கூட ஒருத்தியை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் எழுதக்கூடியவர்கள் இருக்கிறார்கள். கதை விவாதத்துக்கு அவர்களை அழையுங்கள். அழைத்தால் ஊதியமும் கொடுங்கள், பெயரும் போடுங்கள்.

அந்த இளைஞரின் பக்கங்களை நான் அவருக்குத் திருப்பி அனுப்பியபோது, ஓரங்களில் பென்சிலால் குறிப்புகள் எழுதி அனுப்பினேன். பாவாடையின் நீளம், சிஸ்டரின் உடை, சபையின் பெயர், செபத்தின் வாசகம். கடைசிப் பக்கத்தில் விடுதியைப் பற்றி ஒரு பக்கம் தனியாக எழுதி வைத்தேன். பதில் வரவில்லை, படம் வேறு ஊரில் நடப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர் இதைப் படித்தால், இன்னும் ஒரு முறை எழுதிப் பார்க்கச் சொல்கிறேன். படித்துத் தர நான் இருக்கிறேன். உங்களில் வேறு யார் எழுதினாலும் படித்துத் தருகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்
மதுரை